வெர்னியருக்கு இரண்டு அட்டவணை

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில், வெர்னியரிடம் பொய் சொல்லித் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரைச் சட்டைப்பையை விட்டு இறக்காததால் அந்தப் பெயர்.

கேன்டீனில் இட்லியை அளப்பார். ஓரம் மெலிந்திருந்தால் திருப்பி அனுப்புவார். “இன்னாபா, துன்ன வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்று பரிமாறுகிறவர் ஒருநாள் கேட்டார். அளந்து முடிக்கும்வரை வெர்னியர் நிமிரவில்லை. விடுதியில் என் அறைக்கதவு சாய்ந்திருப்பதாக மூன்று முறை புகார் கொடுத்தார். அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடிய எனக்கு அது தெரியாது.

2003இல், வேலையை நிரந்தரமாக்குமுன் குணப் பரிசோதனை வைத்தார்கள். ‘எளிதில் கண் கலங்குவேன்’, ‘கூட்டத்தில் கூச்சப்படுவேன்’ என்று நூறு வாக்கியங்கள். ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். திருத்துவது ஆபீஸ் குமாஸ்தாவான நான். மதிப்பெண்ணை ஒப்பிட ஆணுக்கு ஓர் அட்டவணை, பெண்ணுக்கு ஓர் அட்டவணை.

எங்கள் ஷிப்டில் யாருக்கும் கோபமோ பயமோ வருவதே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. வெர்னியர் மட்டும் உண்மையைக் குறித்திருந்தார். ஆண் அட்டவணைப்படி, ‘நிலையற்றவர், தகுதியில்லை.’

விடுதியில் அவரிடம் சொன்னேன். பெண் அட்டவணையில் பார்க்கச் சொன்னார். ஏன் என்றேன்.

“நான் பொம்பளைண்ணே. ஆம்பளைப் பேர்ல வேலை பாக்கேன், அவ்வளவுதான்.”

பார்த்தேன். அதே விடைகள், எல்லாம் இயல்பு வரம்பின் நடுவில் வந்து விழுந்தன. பரிசோதனையே பெண் என்கிறதே என்று அசட்டுத்தனமாக மகிழ்ந்தேன். வெர்னியர் முறைத்தார்.

“நம்ம லைன் சரோஜாக்கா அழுது பாத்திருக்கீகளா? அப்ப அது ஆம்பளையா? மார்க்கு என்னையப் பொம்பளையாக்கலண்ணே. நான் பொம்பளை, அதனால அந்த அளவு கேஜ்ல வச்சுப் பாருங்கங்கேன்.”

அவர் சம்மதத்தோடு மறுநாள் மேனேஜரிடம் இரண்டு அட்டவணையையும் வைத்தேன்.

“ரெஜிஸ்டர்ல ஆண்னுதான கீது? அத்தப் போடு.”

போட்டேன். கீழே கையெழுத்து என்னுடையது.

மாதக் கடைசியில் வெர்னியரை நிறுத்திவிட்டார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் வாலாஜாபாத் பஸ் வந்தபோது அவருடைய சொந்தப் பேரைக் கேட்டேன். தானே வைத்துக்கொண்ட பேரைச் சொன்னார். நான் ஒருமுறை சொல்லிக் காட்டும்வரை படியேறவில்லை.

அந்தப் பேரை இங்கே எழுதலாமா என்று அன்று கேட்டுவைக்கவில்லை. வாலாஜாபாத் பஸ்ஸைக் கண்டால் மட்டும், சத்தமில்லாமல் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.