மச்சான் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியின் கோணல்

ஆம்பூர்,
1911 நவம்பர் 26

மதிப்புக்குரிய மச்சான் ரஷீத் அஹமது அவர்களுக்கு, ஆம்பூர் ஹயாத் பாஷா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்கா அக்தரி பேகமும் அவள் வளர்க்கும் ஆடும் ஆண்டவன் கிருபையில் நலமாக இருக்கிறோம். வேலூரில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறோம். நீங்கள் வாங்கிக் கொடுத்த துப்பாக்கிக்கு மட்டும் நலமில்லை. அதை உடனே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இப்போது யோசனைதான் மிச்சம்.

துப்பாக்கி எனக்கு எதற்கு என்று அப்போதே நீங்கள் கேட்டீர்கள், நானும் சரியாகப் பதில் எழுதவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலையை விட்ட பிறகு ஏலகிரி அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிக் காசி என்பவனிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருக்கிறேன். அவன் அதில் வேர்க்கடலை போடுகிறான். மலையிலிருந்து ஒரு பிராணி குடும்பத்தோடு இறங்கி வந்து, மூக்காலேயே நிலத்தை உழுது, கடலையைத் தின்றுவிட்டுப் போகிறது. எந்தப் பிராணி என்று உங்களுக்கே தெரியும். பெயரை எழுதினேனானால் உங்கள் அக்கா பேனாவைக் கழுவச் சொல்வாள். காசிக்கு அந்தச் சங்கடம் கிடையாது. ஒரு பேச்சுக்கு இரண்டு தரம் அதன் பெயரைச் சொல்வான், ஒவ்வொரு தரமும் நான் தொண்டையைக் கனைப்பேன், அவன் சிரிப்பான். எங்கள் சிநேகம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்து வந்தது.

போன வருஷ வெள்ளாமையில் பாதிக்கு மேல் அந்தப் பிராணிக்கே போயிற்று. இந்த வருஷமும் அப்படியானால் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விடுவேன் என்றான் காசி. "எப்படியும் மண்ணத்தான் தோண்டப் போறேன் சாயபு. தங்கம் இருக்கிற மண்ணாப் பாத்துத் தோண்டிட்டுப் போறேன்" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் பெண்டாட்டி எல்லம்மா சிரிக்கவில்லை. மச்சான், உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வேலையை விட்ட பிறகு எனக்குப் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான். ஷாப்பிலே நான் விரலால் தடவிப் பார்த்து முதல் தரம் என்று சொன்னால் அது முதல் தரம். வெளியே வந்த பிறகு என் வார்த்தையை யாரும் கேட்பதில்லை, காசி கேட்பான். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு நான் சொல்வதற்கெல்லாம் "அப்படியா சங்கதி" என்பான். அவன் கோலாருக்குப் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது. அதனால்தான் நானே சுட்டு விரட்டுகிறேன், நீ போகாதே என்று அவனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்கு எழுதினேன்.

நீங்களும் பட்டாளத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து, லைசென்ஸும் வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து அனுப்பினீர்கள். உங்கள் நல்ல மனசுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டாளத்துக்காரர்கள் ஒரு சாமானைக் கழிக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. முதல் நாள் வரப்பின்மேல் ஒரு மண்சட்டியை வைத்து நன்றாகக் குறி பார்த்துச் சுட்டேன். சட்டி அப்படியே இருந்தது. கொல்லையின் மறுகோடியில் என் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற சோளக்கொல்லை பொம்மையின் மார்பில் ஓட்டை விழுந்திருந்தது. "சாயபு உங்களையே சுட்டுக்கினீங்களே" என்றான் காசி. சரி, வலது பக்கம் இழுக்கிறது, இடது பக்கம் தள்ளிச் சுடுவோம் என்று சுட்டேன். அந்தக் குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. திருப்பத்தூர்ப் பக்கம் யாருக்காவது கிடைத்ததாகக் கேள்விப்பட்டால் எனக்கு எழுதவும்.

அணைக்கட்டு ஊரில் வேலு என்று ஒரு பென்ஷன் சிப்பாய் இருக்கிறார். பர்மாவுக்குப் போய் வந்தவர், அதைச் சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். துப்பாக்கியைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "குழலு ஆடுது சாயபு. கட்டை ஒரு பக்கம், குழலு ஒரு பக்கம் நிக்குது. வெடிச்சதும் ரெண்டும் மாமியார் மருமகளாட்டம் இழுத்துக்குது. எண்ணெயில ஊறவெச்ச காயிதத்தை நடுவுல அடக்குங்க, பேஜார் தீந்துபோவும்" என்றார். காகிதமா? ஆம்பூரில் இருந்துகொண்டு, வாழ்நாளெல்லாம் தோலோடு கிடந்தவன், இரண்டு பொருள் இடைவெளியில்லாமல் உட்காரக் காகிதத்தைத் தேடிப் போவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷாப்புக்குப் போய்ப் பழைய தோஸ்துகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே அன்றைக்கு வேலை நடந்ததாகத் தெரியவில்லை. ஆட்டுத்தோலா கன்றுத்தோலா, முதுகுப் பக்கமா வயிற்றுப் பக்கமா, ரோமம் இருந்த முகம் குழலைப் பார்க்க வேண்டுமா கட்டையைப் பார்க்க வேண்டுமா என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பேசினார்கள். கடைசியில் ஆவாரம்பட்டையில் பதமான ஆட்டுத்தோல், முதுகுப் பக்கம், என் கையாலேயே தரம் பார்த்து எடுத்து, மெலிதாகச் சீவிக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே அடியிலிருந்து நுனிவரை அடக்கினேன். மூன்றாம் ஆள் பார்த்தால் தையற்காரன் வேலை என்று சொல்வான், அத்தனை சுத்தம்.

அல்லா அறிய, சட்டி உடைந்தது! அடுத்த சட்டியும் உடைந்தது. எல்லம்மா வீட்டிலிருந்த சட்டிகளை உள்ளே எடுத்து வைத்தாள். காசி ஊர் முழுக்கச் சொல்லி வந்தான். வேலு மட்டும் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழை வரட்டும்" என்று சொல்லிப் போனார். பொறாமை என்று நினைத்தேன்.

மழை வந்தது. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. வெயில் கண்டதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டால் இந்தத் தரம் இடது பக்கம் போகிறது. பிரித்துப் பார்த்தேன். தோல் ஊறி உப்பிப் போயிருந்தது. குழல் அடிப்பக்கமெல்லாம் மை பூசினதுபோல் கறுத்து, துருப் பிடித்து, சொரசொரவென்று இருந்தது. மச்சான், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷாப்பில் பட்டைத்தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓர் ஆணிகூட வரவிடமாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியாதா? இரும்பு பட்டால் தோல் கறுத்துவிடும், தரம் போய்விடும். இரும்பு வாளியோடு வந்த ஆளை நானே வாசல்வரை துரத்தியிருக்கிறேன். இரும்பு தோலைக் கெடுக்கும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தோல் இரும்பை என்ன செய்யும் என்று எங்களில் ஒருவனும் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் சாமான் தோல், எங்கள் கவலையெல்லாம் தோலைப் பற்றித்தான். இரும்புக்கும் ஒரு நஷ்டம் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் புத்தியில் பட்டது. இதை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்து எடுத்தேன். ரோஷத்தை விட்டு வேலு சொன்னபடி எண்ணெய்க் காகிதத்தை அடக்கினேன். குழல் நுனியில் குறி பார்க்கிற சின்ன இரும்புப் பல் வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்ததால் அதற்குப் பூச உங்கள் அக்கா கண்ணுக்கு இடுகிற சுர்மாவைக் கேட்டேன். "இன்னா, துப்பாக்கிக்குக் கண்ணு வலியா?" என்றாள். ஆனாலும் கொடுத்தாள். அதற்குப் பிறகு துப்பாக்கி மறுபடியும் நேராயிற்று. சட்டி தீர்ந்துபோய்த் தேங்காய்ச் சிரட்டையை வைத்துச் சுட்டோம், அதுவும் தப்பவில்லை. "இப்போ வரட்டும் அது" என்றான் காசி. எனக்காகப் பெயரைச் சொல்லாமல் விட்டான்.

அதுவும் வந்தது. பொழுது விடிகிற நேரம், கடலை பிடுங்குகிற பக்குவத்தில் இருந்தது. நானும் காசியும் கொல்லையோரப் புளியமரத்தடியில் காத்திருந்தோம். பிராணி நேர் எதிரே வந்து நின்றது. நான் குறி பார்த்துச் சுட்டேன். குண்டு பக்கத்து வரப்பில் பட்டு மண் தெறித்தது, பிராணி ஓடிப்போயிற்று. காசி போய்க் குண்டு பட்ட இடத்தைக் காலால் மண் தள்ளி மூடினான். அப்புறம், "குழலு மறுபடியும் கோணிக்கிச்சு சாயபு" என்றான். ஊரிலும் அதையேதான் எல்லோரிடமும் சொன்னான். "துப்பாக்கி சரியில்ல, சாயபு இன்னா பண்ணுவாரு?" என்றான். அடுத்தடுத்து வந்து அந்தப் பிராணி மிச்சத்தையும் முடித்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை காசியும் எல்லம்மாவும் பிள்ளைகளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோலாருக்கு ரயிலேறிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஜன்னல் வழியாக வெற்றிலைப் பையை என்னிடம் நீட்டினான், நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆகவே மச்சான், இந்தக் கோணல் துப்பாக்கியை நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்டு, ஏலக்காரனிடமே சேர்த்துவிட வேண்டும். குற்றமெல்லாம் இதனுடையது.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உங்கள் அக்காவின் சலாமும் என்னுடையதும். பிள்ளைகள் நல்ல புத்தியோடு, பயந்த சுபாவம் இல்லாமல், இரக்கம் உள்ளவர்களாக வளர ஆண்டவன் அருள் செய்வானாக.

இப்படிக்கு,
ஹயாத் பாஷா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வர வேண்டாம். அதில் ஒரு கோணலும் கிடையாது. நேற்றுகூடச் சிரட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தேன், உடைந்தது. அன்றைக்கு அந்தப் பிராணியின் பின்னால் முதுகில் கோடு போட்ட குட்டிகள் வரிசையாக வந்தன. துப்பாக்கி கோணலாக இருந்தவரைக்கும் சுடுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, குண்டு போகிற இடத்தை அதுவே பார்த்துக்கொண்டது. நேரானதும் என்னைக் கேட்டது. என்னால் முடியவில்லை, குழலை நான்தான் தள்ளினேன். அதன் குட்டிகளுக்கு இரக்கப்பட்டேன், அந்த நேரத்தில் காசியின் பிள்ளைகளை நினைக்கவில்லை. இப்போது வேறொன்றும் நினைக்க முடியவில்லை. மாதாமாதம் கோலார் சுரங்கத்துக்குத் தோல் வார் கொண்டுபோகிறீர்களே, இந்தத் தரம் காசியைத் தேடிப் பிடித்து, துப்பாக்கி நேராகத்தான் இருக்கிறது, சாயபுதான் கோணல், இனி ராப்பகல் நானே கொல்லையில் நின்று தகரம் தட்டி விரட்டுகிறேன், திரும்பி வந்துவிடு என்று சொல்லுங்கள். துப்பாக்கி விஷயம் கேட்டு அவன் ஆச்சரியப்படமாட்டான். அன்றைக்கு நான் குழலைத் தள்ளிச் சுடும்போது பின்னால் நின்று என் தோளின் மேல் கை வைத்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.