பீக்கிங் அண்ணையின் ஆறாவது கட்டம்

சீன வானொலியைச் சீனாவில் உள்ள அத்தனை கோடிப் பேரையும் விடக் கவனமாகக் கேட்ட மனிதர் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், எனக்குப் பக்கத்து அறையில் இருந்தார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம் மட்டும் கேட்டிருக்க மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். திகதி விஷயத்தில் நான் கறாரானவன். பிறகு, கேட்டதையெல்லாம் அவர் குறித்துவைத்த கொப்பியைப் பார்த்து அதையும் திருத்திக்கொண்டேன். "காய்ச்சல் நூற்றிமூன்று. ஒலி தெளிவு" என்று எழுதியிருந்தார்.

அவருடைய இயற்பெயர், அங்கே தங்கும் தமிழர்கள் நிரப்பிக் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுப் படிவத்தில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் பீக்கிங் அண்ணை. அந்த நகரத்தை உலகமெல்லாம் பெய்ஜிங் என்று அழைக்கத் தொடங்கிய பின்னும் எங்கள் தெரு மாறவில்லை. பகலில் அவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் வேலை. ஒப்புநோக்காளர், அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பவர். யுத்த காலம். பக்கங்கள் தணிக்கை அதிகாரியிடம் போய்த் திரும்பும்போது பத்தி பத்தியாகக் காணாமல் போயிருக்கும். எஞ்சியதில் பிழை பார்ப்பது அவர் பொறுப்பு.

"ஐசே, இண்டைக்கு என்ர பக்கத்தில ஒரு பிழையும் இல்லை," என்பார். "செய்தியும் இல்லை." அவர் வாயில் என் பெயர் எப்போதும் ஐசேதான்.

அறைக்கு வந்ததும் றேடியோ. ஜன்னலிலிருந்து எதிர் மதில் வரை ஏரியல் கம்பி கட்டியிருந்தார். கம்பி என்று கண்டால் சும்மா விடாத தெரு அது. யாராவது இடுப்பில் கட்டும் சாரத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். அதுவும் கொப்பியில் ஏறும்: "இன்று ஈரச் சாரம் இரண்டு. சீனா மங்கல்."

கடைக்கார முதலாளி கூவுவார்: "என்ன பீக்கிங் அண்ணை, சீனாவில மழையோ?"

"சாங்காயில வெயில். உம்மட சாரத்தைக் கழட்டினால் மிச்சத்தையும் சொல்லுவன்."

சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் பேசியவர்கள், தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள். நேயர்கள் ஒலி எப்படிக் கேட்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு ஐந்து கட்டங்கள்: ஒலியின் பலம், பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்த நிலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க். ஐந்து என்றால் அருமை; இரைச்சலுக்கு ஐந்து என்றால் இரைச்சலே இல்லை. எழுதியவர்களுக்குக் கலண்டர் வரும்.

பீக்கிங் அண்ணை ஆறாவதாக ஒரு கட்டத்தைத் தானே அடிமட்டம் வைத்துக் கீறினார். தலைப்பு: நம்பிக்கை.

"கேட்டது வேற, நம்பினது வேற. ரெண்டும் அவைக்குத் தெரியவேணுமெல்லோ?" என்றார். அந்தக் கட்டத்தில் அவர் ஐந்து போட்டதே இல்லை. நான்கு கூட வானிலைக்கு மட்டும்தான்.

சீனா மாறுவதை நான் புத்தகங்களில் வாசித்தேன்; அவர் கொப்பியில் பிடித்தார். ஆரம்பக் கொப்பிகளில் செய்தி என்றால் டிராக்டர். சில வருடங்களில் டிராக்டர் குறைந்து குளிர்சாதனப் பெட்டி வந்தது. பிறகு பங்குச் சந்தை. ஒரு நாள் கதவைத் தட்டி, "ஐசே, இண்டைக்கு அவை ஒரு தொழிற்சாலையில பிழை நடந்தது எண்டு சொல்லிப்போட்டினம்!" என்றார், வீட்டில் குழந்தை முதல் அடி வைத்தது போல.

1989 ஜூனில் மற்ற வானொலிகள் எல்லாம் பீக்கிங்கின் பெரிய சதுக்கத்தில் இராணுவம் மாணவர்களைச் சுட்டதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. அண்ணைக்குப் பிடிபட்ட ஒலிபரப்பில் அறுவடை. அன்றைய அறிக்கையில் முதல் ஐந்து கட்டங்களுக்கும் நல்ல மார்க். ஆறாவதில் எண் இல்லை, ஒரு வரி: "ஒலி தெளிவாக இருந்தது. செய்தி வந்து சேரவில்லை."

பல மாதங்கள் பதில் இல்லை. பிறகு வழக்கமான நன்றிக் கடிதம் வந்தது. அதன் ஓரத்தில், வேறு கையெழுத்தில், சின்னதாக: "ஆறாவது கட்டத்தையும் வாசிக்கிறோம்."

அண்ணை அதை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அங்கையும் ஒரு ஒப்புநோக்காளர் இருக்கிறார், ஐசே."

இனி ஒரு வியாழக்கிழமைக் கதை. தொண்ணூறுகளின் பிற்பகுதி, விடியற்காலையில் எங்கள் தெருவில் பொலிஸ் சுற்றிவளைப்பு, அறை அறையாகச் சோதனை. ஓர் அறையில் நீளமான கம்பி, வானொலி, கொப்பி கொப்பியாகத் திகதி, நேரம், ஆறாறு இலக்கங்கள். உளவாளி என்று சந்தேகிக்க வேறு என்ன வேண்டும்? அண்ணையை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த நாட்களில் அப்படி ஏறியவர்கள் மாதக்கணக்கில் திரும்பாததும் உண்டு. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். தைரியம் அவ்வளவு வராது. ஆனாலும் பொலிஸ் நிலையத்துக்குச் சாட்சி சொல்லப் போனேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கொப்பியைப் புரட்டினார். பேச்சு சிங்களத்தில் நடந்தது. எங்கள் தமிழில் தருகிறேன்.

"இது என்ன இரகசிய நம்பர்?"

"மார்க், சேர். சீனாவுக்கு நான் போடுற மார்க்."

"சீனாவுக்கு நீ மார்க் போடுறியோ?"

"அவைதான் போடச் சொன்னவை, சேர்."

நான் குறுக்கே புகுந்தேன். "சேர், இவர்... பக்கத்து அறை... பத்து வருசமா... நல்ல..." அதற்கு மேல் குரல் வரவில்லை. என் முழங்கால்கள்தான் வாக்குமூலத்தைத் தொடர்ந்தன.

காலை ஒலிபரப்புக்கு நேரமாகியிருந்தது. பறித்த றேடியோ மேசையிலேயே இருந்தது. "போட்டுக் காட்டு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கரகரப்புக்குள்ளிருந்து ஒரு சீனப் பெண் செந்தமிழில் வணக்கம் சொன்னாள். கான்ஸ்டபிள்மார் சுற்றி நிற்க, அண்ணை முதல் ஐந்து கட்டங்களையும் விளக்கினார்.

"இரைச்சலுக்கு இரண்டுதான் போடலாம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இல்லை சேர், மூண்டு. ரெண்டு எண்டால் பேச்சே விளங்காது."

நான் அண்ணையின் காலை மிதித்தேன்.

"மிதிச்சாலும் மூண்டுதான்," என்றார் அண்ணை, என்னைப் பார்த்து, தமிழில்.

"ஆறாவது நம்பர்?"

"நம்புறனோ இல்லையோ எண்டது, சேர். இண்டைக்கு ரெண்டு. விளைச்சலைச் சொல்லேக்க மூண்டு. அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லேக்க ஒண்டு."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மெல்ல வைத்தார். "அப்ப எங்கட றேடியோவுக்கு எத்தனை?"

நாற்பது வருடமாகப் பிழையை அச்சுக்கு விடாத மனிதர் இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் நன்றாக யோசித்தார்.

"சேர், அவை என்னட்டை ஒருநாளும் அபிப்பிராயம் விசாரிச்சதில்லை. விசாரிச்சால் எழுதி அனுப்புவன். முத்திரையும் நானே ஒட்டுவன்."

மூலையில் ஒரு கான்ஸ்டபிள் மூக்கால் சிரித்தார். பிறகு சப்-இன்ஸ்பெக்டரும். "உளவாளி எண்டால் என்ர இரண்டை உடனே ஒத்துக்கொண்டிருப்பான்," என்று கொப்பிகளை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். நாங்கள் எழும்பியபோது குரலைத் தாழ்த்தி, "அந்தக் கலண்டர் எனக்கும் கிடைக்குமா?" என்றார்.

அன்றைய அறிக்கையும் சீனாவுக்குப் போனது. கேட்ட இடம்: பொலிஸ் நிலையம். புதிய நேயர்: ஒருவர். பதிலில் கலண்டர் இரண்டு வந்தது. ஒன்றை அண்ணையே கொண்டுபோய்ச் சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். நான் உள்ளே போகாமல், காலி நகருக்குப் போகும் வீதியின் மறுபக்கத்தில் நின்றேன்.

பின்னர் அண்ணை கனடாவில் இருந்த மகளிடம் போனார். பாரம் கூடிவிட்டதென்று கொப்பிகளை என்னிடம் விட்டுப்போனார். இப்போதெல்லாம் சீனச் செய்தி என் கைபேசியிலேயே வருகிறது. படம் பளிச்சென்று, இரைச்சலே இல்லாமல், அதே செந்தமிழில் பாட்டும் சமையலும் செய்தியும். கீழே மார்க் போட ஓர் இதயப் படம் இருக்கிறது. ஆறாவது கட்டத்தை எங்கே கீறுவது என்று அண்ணை இங்கே இருந்தால் தேடியிருப்பார்.

சென்ற மாதம் கொப்பிகளைத் திகதி வாரியாக அடுக்கினேன். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில், சீன வானொலிக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. "சாட்சி: பக்கத்து அறை ஐசே. ஒலிப் பலம் 1. குறுக்கீடு 2. இரைச்சல் 1. ஏற்ற இறக்கம் 1, முழங்கால் நடுக்கம். மொத்தம் 1."

ஆறாவது கட்டத்தில், பேனாவை அழுத்தி எழுதிய ஓர் ஐந்து.