உன் அக்காவைத் தூக்க நான் இருக்கிறேன்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அக்காவின் வலது முழங்கால் ஒன்று மட்டும் நீங்கலாக. அங்கே நீயும் உன் வீட்டாரும் சகல மூட்டுகளோடும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ என்னை இரண்டாவது வாக்கியத்துக்குப் போக விடுவதில்லை என்பதால் கடிதம்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீ காரை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். முழங்கால் ஆபரேஷனுக்கு முன்பே அக்காவை உன் வீட்டுக்கு அழைத்துப்போய், எல்லாம் முடிந்து மூன்று மாதம் வைத்திருந்து அனுப்புகிறேன் என்கிறாய். அத்தானால் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கக்கூட முடியாது என்று உன் மனைவியிடம் நீ சொன்னதும் என் காதுக்கு வந்துவிட்டது. என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாய், பெரிய மனசு. ஆனால் மாப்பிள்ளை, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றுதான் பழமொழி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு நான் எதுவும் கேள்விப்பட்டதில்லை. மைத்துனன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சம். அவளை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் தனியாக இருக்கவும் என்னால் முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நீ சொன்னது ஆறு வாரத்துக்கு முன்னால் உண்மைதான். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண், ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் இவர்களைத் தூக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "வேற யாராவது?" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாகப் போய்ப் படிக்கற்களைச் சோதித்தவன் நான். தூக்கியது என்னவோ ஆபீஸ் பியூன்தான், நான் தராசு முள்ளைப் பார்த்தவன் என்பதை அப்போது அவளிடம் விளக்கவில்லை. போனால் போகிறதென்று, கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல், நான் டேப் வைத்து அளந்தேன், ஜன்னல் பக்கம் நான்கு அங்குலம் குறைகிறது. கடைசியில் பயிற்சிக்கு இடமாகக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டே கால் அடி அகலத்தில் ஒரு சந்து கிடைத்தது. பீரோக் கதவைத் திறந்தால் பயிற்சி நிற்கும், பயிற்சி நடந்தால் மாற்றுத்துணி கிடைக்காது. முதல் பயிற்சி, இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தோள்வரை தூக்கி இறக்குவது. நிரப்பிச் சமையலறைத் தராசில் வைத்தால் இடக்கைப் பாட்டில் பதினான்கு கிராம் அதிகம். அப்படியே தூக்கலாமா, தோள் கோணிவிடாதா? சொட்டுச் சொட்டாக ஊற்றியும் எடுத்தும் சரிசெய்தேன். பிறகு தராசு சரியா என்று சந்தேகம் வந்தது. அதைச் சோதிக்க சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தேன். அது எடை குறைந்தது. குறை பாக்கெட்டிலா தராசிலா என்று தெரிந்துகொள்ளக் கடைக்காரரிடம் போனேன். அவர் என்னை இன்னும் பதவியில் இருப்பதாக நினைத்துக் கடையைப் பாதி மூடினார். திரும்பி வந்தபோது உன் அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இதைத் தூக்கப் போறீங்களா, இல்ல முத்திரை குத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். முதல் வாரம் இப்படிப் போயிற்று.

இரண்டாவது வாரம் ஒரு அதிசயம் கண்டுபிடித்தேன், அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். சுவரில் கைவைத்துச் சாய்ந்து தள்ளுவது ஒரு பயிற்சி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தள்ளுவது அடுத்தது, தரையில் தண்டால் எடுப்பது கடைசி. தள்ளுகிறவன் நான்தான், என் எடையும் அதேதான். ஒன்று சுலபமாகவும் ஒன்று உயிர் போகிற மாதிரியும் இருப்பானேன்? நாம் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷினைக் கைக்கடியில் வைத்துப் பார்த்தேன். சுவரில் ஏழு கிலோ, மேடையில் இருபத்தொன்று, தரையில் நாற்பத்திரண்டு. ஆள் அறுபத்தாறு கிலோ. அப்படியானால் கடையில் இரும்புக் குண்டு வாங்கவே வேண்டாம், காலை எங்கே வைக்கிறோம் என்பதை மாற்றினால் போதும், பாரம் தானே கூடும், தானே குறையும். இத்தனை வயது வரை என் எடை எனக்குள் எங்கே நின்றுகொண்டிருக்கிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேனே, உனக்கு ஆச்சரியமாக இல்லையா? பத்து இடத்தில் காலை வைத்துப் பத்து அளவு எடுத்தேன். பதினோராவதில் மெஷின் சுவரிலிருந்து நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது, அதனால் மூன்று நாள் லீவு.

பிறகு நாற்காலி. உட்கார்ந்து எழ வேண்டும், கையை ஊன்றக் கூடாது. எழுவதில் எனக்குக் கஷ்டமில்லை, உட்காருவதுதான் மெதுவாக வராது, பொத்தென்று விழுவேன். நாற்பதாவது பொத்துக்குக் கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்தார், அவர் வீட்டு விளக்கு ஆடுகிறதாம். விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் கோபத்தை மறந்துவிட்டு, பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் பிடி வைத்து ஒரு மணல் மூட்டை தைத்துக் கொடுத்தார். பத்துக் கிலோ நிறுத்துப் போட்டோம். அந்த மூட்டை மழை நாளில் முந்நூறு கிராம் கூடுகிறது, வெயிலில் காய்ந்தால் குறைகிறது, இப்படிப்பட்ட படிக்கல்லை யாராவது வைத்திருந்தால் நான் பறிமுதல் செய்திருப்பேன். ஒரு நாள் தலைக்கு மேலே தூக்கும்போது தையல் விட்டது. மண்ணைக் கவ்வுவது என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அதன் ருசி தெரிந்தது. கட்டில், பீரோ, என் காது எல்லாம் மணல். நான் கண்ணைக் கழுவிவிட்டு வருவதற்குள் உன் அக்கா அந்தக் காலோடு நின்று முழுவதையும் பெருக்கியிருந்தாள். யாருக்காக யார் செய்கிற பயிற்சி இது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து அளப்பதை நிறுத்தினேன். அவள் தாளைப் பார்த்துச் சொல்வாள், நான் செய்வேன். எனக்குப் புரியாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே செய்தும் காட்டுவாள். எனக்கு ஒரே தடவையில் புரிகிற வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும், எனவே தினமும் பத்துப் பதினைந்து தடவை காட்டவேண்டி வரும். இப்போது தையல்காரர் மறுபடி தைத்துக் கொடுத்த மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பன்னிரண்டு முறை சத்தமில்லாமல் உட்கார்ந்து எழுகிறேன். நேற்று ஒத்திகை பார்த்தோம். அவள் படுத்துக்கொண்டாள், நான் பிசியோ பெண் சொன்னபடி முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று நீயே யோசித்துக்கொள். எதிர்பார்த்ததைவிட இலேசாக வந்தாளே, அவளாகவும் கொஞ்சம் எழுந்தாளோ என்று எனக்குள் இருக்கும் ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம். அதை அடக்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே உன் அக்காவைத் தூக்க நான் இருக்கிறேன். நீ கவலையில்லாமல் ஞாயிற்றுக்கிழமை தூங்கு. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் காருக்கு ஓய்வு.

இப்படிக்கு,
திடகாத்திரமாக இருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: எழுத்து சாய்ந்திருப்பதற்கு மன்னிக்கவும், குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மேலே கையெழுத்துப் போட்டபின் பேனா மூடி கீழே விழுந்தது. முழங்காலை மடக்காமல் குனிந்துவிட்டேன். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டு, குனிந்தவன் நிமிரவில்லை, அப்படியே சந்துக்குள் சரிந்துவிட்டேன். உன் அக்கா வந்தாள், தோளுக்கடியில் கைகொடுத்து ஒரே மூச்சில் என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். முழுசாக அறுபத்தாறு கிலோ, மாப்பிள்ளை. வலிக்கவில்லையா என்று கேட்டேன். "ஒரு மாசமா உங்களுக்குக் காட்டிக் காட்டி எனக்கே பலம் வந்துருச்சு" என்றாள். பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தோம். ஆபரேஷனுக்கு இந்தப் பலம் ரொம்ப நல்லது என்று அவளைப் பாராட்டிவிட்டு, என்னை மூன்று வாரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று உன் அக்கா எனக்கும் சேர்த்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது, நிம்மதியாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வா. பின் இருக்கையில் ஒருவர் நீட்டிப் படுத்து வர இடம் வேண்டும். உன் அக்கா முன்னால் உட்கார்ந்து உனக்கு வழி சொல்வாள்.