துரைசானியின் கன்னம்

துரைசானியின் இடது கன்னத்தில் உப்பு பூத்திருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் கொழும்பு ஏலத்தில் எடுத்த, வெள்ளைக்காரச் சீமாட்டியின் வண்ணப்படம். கப்பலில் ஈரம் பட்டுவிட்டது. பஞ்சாலை முதலாளி முத்துக்கனி ஊருக்கென்று கட்டிய சித்திர மண்டபத்தில், இன்று நாலு மணிக்குக் கலெக்டர் அதைத் திறந்துவைக்கிறார். மண்டபத்துக்குப் பொறுப்பு குமாஸ்தா சிவனணைந்தபெருமாள். சேர்ந்து மூன்றே மாதம். படச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, ஒரு கீறலுக்காக முந்தைய குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி. இந்த வேலையும் போனால் வீட்டில் ஆறு வயிறு காயும்.

ஈரத்துணியால் துடைத்தார். உப்பு போயிற்று. கூடவே கன்னமும் பாதி மூக்கும் போயின.

"ஐயோ, செத்தேன்!" என்று கடலோரத்துத் திரேஸ்புரத்துக்கு ஓடி, வள்ளங்களுக்குச் சாயம் அடிக்கும் ஜேசுபாதத்தை இழுத்துவந்தார்.

"உப்புத்தண்ணி பட்ட பலகைக்கு நாங்க சுறா எண்ணெதான் தேய்ப்போம். பயப்படாதிய அண்ணாச்சி" என்று அவன் அரை போத்தலைக் கவிழ்த்தான்.

துரைசானி கறுத்துப்போனாள். மண்டபமெல்லாம் ஒரே கவிச்சி. வாசலில் நாலு பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

"மொகத்தப் புதுசா எழுதிருவோம். வள்ளத்து நீலம் மிச்சம் கெடக்கு."

எழுதி முடித்தபோது, அந்த முகம் கடிக்க வருவதுபோல் முறைத்தது.

"ஏலே, யாருலே இது?"

"எங்க மாமியா. எனக்கு அந்த மொகம் ஒண்ணுதான் வரும். தெனமும் பாத்துப் பயப்படுதேன்லா?"

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சாம்பிராணி போட்டார். புகையையும் மீறிக் கவிச்சி வீசியது.

நாலு மணிக்கு முதலாளி வழக்கம்போல் டிரைவர் இப்ராஹீமின் தோளைப் பிடித்தபடி வந்தார். நடப்பதற்குத் தோள், கடிதம் படிக்கக் குமாஸ்தா. எல்லாம் பெரிய மனுஷத்தனம்!

கலெக்டர் திரையை விலக்கினார். திறந்த வாயை அவர் மூடவில்லை.

முதலாளி படத்தின் நேரே நிமிர்ந்து நின்று சிரித்தார். "என்ன லட்சணம்! அந்தக் கன்னத்தப் பாருங்க தொரை!"

சிவனணைந்தபெருமாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முருகா, பிழைத்தேன்!

அடுத்த நிமிஷம் முதலாளியின் மூக்கு சுருங்கியது. "சீ! மண்டபத்துல என்ன நாத்தம் இது? சிவனணைஞ்சான எங்க? நாளையிலேருந்து அவன் வரண்டாம்."

எல்லோரும் போனபின் குமாஸ்தா படிக்கட்டில் சரிந்தார். "அவ்வளவு கெட்டுப்போன மொகத்த விட்டுட்டு, வெறும் நாத்தத்துக்கா என்னைய அனுப்புதாரு?"

இப்ராஹீம் குனிந்து மெல்லச் சொன்னான்: "படத்த அப்படியே விட்டிருக்கலாமே அண்ணாச்சி, மொதலாளிக்குக் கண்ணு தெரியாமப் போயி ரெண்டு வருசம் ஆச்சே!"