ராஜாத்திக்குத் தலைக்கு ஊத்துன கத

சுத்தமா இருக்கறது நல்லதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஜாஸ்தி சுத்தமா இருந்தா என்னா ஆவும்னு யாரும் சொல்றதில்ல. ரயிலு எஞ்சினு நொர தள்ளி நடுக் காட்டுல நின்னு போவும். நிக்க வெச்சவளே நான்தான், அதனால தைரியமா சொல்றேன். (எனக்குப் படிப்பு கெடையாது. நான் சொல்லச் சொல்ல எம் பெரிய மருமவ எழுதுறா. சிரிச்சிக்கிட்டே எழுதுறா. எழுத்து கோணலா இருந்தா அவளக் கேளுங்க.)

எங்க ஊட்டுக்காரரு ரயில்வேல எஞ்சினு ஓட்டுனவரு. நான் மாமான்னுதான் கூப்புடுவேன். அவுரு என்னைய "ந்தா", "ஏ புள்ள", இவ்ளோதான். அஞ்சலைன்னு ஒரு பேரு இருக்கறது ரேசன் கடக்காரனுக்குத்தான் தெரியும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல சின்ன லைனு ஓடுன காலம் அது. மாமா ரிட்டேரானாரு, கொஞ்ச நாள்ல பெரிய லைனு போடறோம்னு சின்ன லைனப் புடுங்கிட்டாங்க. வருசக் கணக்கா ரயிலே கெடையாது, எங்க போனாலும் பஸ்ஸுதான். ரயிலு சத்தம் கேட்டு காபி குடிச்சிப் பழகுன மனுசன், எப்ப குடிக்கறதுன்னு தெரியாம நாள் பூரா குடிச்சாரு. எங்க ஊட்ல பாலு தங்கவே இல்ல.

அப்பதான் சாமுவேல் சாரு வந்தாரு. கடலூரு முதுநகர்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு, ரயிலுப் பைத்தியம். புதுச்சத்திரம் பக்கத்துல ஒரு கரும்பு ஆல மூடிக் கெடந்துச்சி. அவுங்களுக்குன்னு கரும்பு ஏத்தியாற கொல்லைக்குள்ள ஒரு குட்டி ரயிலு லைனு இருந்துச்சி. அதுல ஓடுன நீராவி எஞ்சினு ஷெட்டுல நிக்குதாம். "ஒரு தரம் வந்து பாருங்களேன்"னு மாமாவக் கூட்டிக்கிட்டுப் போனாரு. போன மனுசன் திரும்பி வரும்போது சட்டையெல்லாம் கரி. மொகமெல்லாம் சிரிப்பு. பொகக் கூண்டுல அரசங்கன்னு மொளச்சி நிக்குதாம் புள்ளன்னு, என்னமோ பேரன் பொறந்தாப்புல சொல்றாரு.

அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழம ஆனா எங்க ஊட்ல ஆளு கெடையாது. மாமா மாதிரி ரிட்டேரான ரயில்வே ஆளுங்க, மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து ஒரு வெல்டரு, சிதம்பரம் காலேஜி புள்ளைங்கன்னு ஒரு கூட்டம். கூலி கெடையாது, சோறு மட்டும் உண்டு. அந்தச் சோறு யாரு? நானு. எலுமிச்ச சாதம் எடுத்துக்கிட்டுப் போனவ சும்மா ஒக்காந்திருக்க முடியுமா? தேங்கா நாரும் செங்கத் தூளும் எடுத்து துருவத் தேய்க்க ஆரம்பிச்சேன். பித்தள எல்லாத்தையும் புளி போட்டு வெளக்குனேன். ராஜாத்தின்னு பேரு வெச்சதும் நான்தான். எனக்கு மூணும் ஆம்பளப் புள்ளைங்க. பொட்டப் புள்ள இல்லாத கொறைக்கு ஆண்டவன் இரும்புல ஒண்ணு குடுத்தான்னு வெச்சிக்கிட்டேன்.

சவுக்குக் கட்டைய எரிச்சி, ராஜாத்தி மொத மொதல்ல 'கூ'ன்னு கத்துன அன்னிக்கி மாமா கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. கேட்டா பொகைன்னாரு. (ஆம்பளைங்களுக்கு எப்பவும் பொகதான்.)

இப்பிடிப் போயிக்கிட்டிருக்கும்போது ஆலைய மெட்ராஸ் மொதலாளி ஒருத்தரு வாங்கிட்டாரு. எடத்தக் காலி பண்ணணும், எஞ்சினையும் தண்டவாளத்தையும் பழைய இரும்புக்குப் போடணும்னு லாரிக்காரன்கிட்ட பேசியே முடிச்சிட்டாரு. சாமுவேல் சாரு ஓடிப்போயி, "ஒரே ஒரு தரம் வந்து ஏறிப் பாருங்க சார், புடிக்கலன்னா லாரிய அனுப்புங்க"ன்னு கெஞ்சி, வர்ற ஞாயித்துக்கெழம வரேன்னு வாக்கு வாங்கியாந்துட்டாரு. அந்த வாரம் பூரா மாமா ஒரு வாயி சோறு ஒழுங்கா திங்கல.

"ஏன் மாமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்க?"

"பாத்துட்டு வேணாம்னுட்டான்னா?"

"நல்லா குளிப்பாட்டி, பூ வெச்சி நிறுத்துனா எவன் வேணாம்பான்?"

"அது எஞ்சினு புள்ள."

"பாக்க வராங்கல்ல? அப்ப அது பொண்ணுதான்."

பொண்ணு பாக்க வராங்கன்னா தலைக்கு ஊத்தாமயா நிறுத்துவோம்? சனிக்கெழம மத்தியானம் எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப நான் ஆரம்பிச்சேன். நல்லெண்ண எடுத்து மேலெல்லாம் பூசுனேன். ஊறுன அப்பறம் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கலந்து தேச்சிக் கழுவுனேன். பாக்கவே அப்பிடி ஒரு களை! அதோட விட்டிருக்கலாம். எஞ்சினோட தோள்ல தண்ணித் தொட்டி இருக்கும், அதோட மூடி தொறந்து கெடந்துச்சி. எட்டிப் பாத்தா உள்ள ஒரே பாசி. மேலாப்புல பவுடரு பூசி உள்ள அழுக்கோட எம் பொண்ண நிறுத்துவனா நானு? மிச்சமிருந்த சீயக்கா பூந்திக்கொட்டைய மொத்தமா உள்ள கொட்டுனேன். பத்தாதுன்னு துணி தொவைக்கிற பவுடரு ஒரு பாக்கெட்டு. தென்னந்தொடப்பத்த விட்டு நல்லா கலக்கி, கழுவி ஊத்தலாம்னு மோட்டாரப் போட்டா கரண்டு இல்ல. அப்பல்லாம் கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு யாருக்குத் தெரியும்? சரி, வந்ததும் பாத்துக்கலாம்னு பூ கட்டப் போனேன். போனவ போனவதான். கனகாம்பரம் கட்ட ஒக்காந்தா எனக்கு ஒலகமே மறந்துடும்.

காலைல காலேஜி புள்ளைங்க வந்தாங்க, தொட்டில தண்ணிய ரொப்புனாங்க, அடுப்பப் பத்த வெச்சாங்க. நான் குளிச்சி, பட்டுச் சேல கட்டி, சொஜ்ஜி பஜ்ஜி தட்டோட நிக்கறேன்.

மொதலாளி வந்து எறங்குனாரு. வெள்ள பேண்ட்டு, வெள்ள சட்ட, வெள்ள ஷூ. மல்லிப்பூ மாதிரி இருந்தாரு பாவம். எஞ்சினுக்கு அடுத்த பெட்டில மொத சீட்டுல ஒக்காத்தி வெச்சோம். மேல கூர கெடையாது, கரும்பு ஏத்துன வண்டில பெஞ்சி போட்டது. ராஜாத்தி 'கூ'ன்னுச்சி. ஆடி அசைஞ்சி கெளம்புச்சி. மொதலாளி மொகத்துல சின்னதா ஒரு சிரிப்பு. நான் பஜ்ஜிய நீட்டுனேன். ஒண்ணு எடுத்தாரு. அவ்ளோதான் நல்ல நேரம்.

பொகக் கூண்டுலேர்ந்து 'கொப்ளக்'னு ஒரு சத்தம். பொக வர்ற எடத்துல நொர வருது! மொதல்ல கொஞ்சமா. அப்பறம் பொங்கப் பான மாதிரி. கரியும் நொரையும் கலந்து மேல போயி, எங்க தலைலியே எறங்குது. மொதலாளி மடில ஒரு உருண்ட, தோள்ல ஒரு உருண்ட, கைல இருந்த பஜ்ஜி மேல ஒரு உருண்ட. வயலு பூரா தீவாளி காலைல அடிக்கிற வாசன.

எஞ்சினுலேர்ந்து மாமா கத்துறாரு. "ஏ புள்ள! தொட்டில என்னாத்த ஊத்துன?"

அவுருக்கு எப்பிடித்தான் நான்னு தெரிஞ்சிச்சோ!

"ஒண்ணும் ஊத்தல மாமா! கழுவத்தான் செஞ்சேன்!"

"எதால?"

"சீயக்கா!"

"அய்யோ!"

ராஜாத்தி ரெண்டு தரம் விக்குனா, நின்னுட்டா. சோப்புத் தண்ணி கொதிச்சா பாயிலரு பூரா நொரையாயிடுமாம், நொரைய வெச்சி எஞ்சினு ஓடாதாம். எனக்கு யாரு சொன்னா? நெருப்ப வெளிய இழுத்துப் போட்டு மாமா அப்பிடியே தலைல கைய வெச்சி ஒக்காந்துட்டாரு. மொதலாளி சட்டக் கைய மோந்து பாத்தாரு. "இது என்ன வாசன?"

சாமுவேல் சாரு பொய் சொல்லத் தெரியாத மனுசன். "சீயக்கா சார். பூந்திக்கொட்டையும் கலந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

எல்லாரும் எறங்கி கரும்புக் கொல்ல வழியா நடந்து வந்தோம். மொதலாளி கார்ல ஏறும்போது ஒரே வார்த்ததான் சொன்னாரு. "ஊருக்குப் போயி சொல்லியனுப்புறேன்."

பொண்ணு பாக்க வந்தவன் அப்பிடிச் சொன்னா என்னா அர்த்தம்னு தமிழ்நாட்டுல யாருக்குத் தெரியாது?

அந்த வாரம் மாமா என்கிட்ட பேசல. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். லாரி சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவாரு. மணல் லாரியா இருக்கும். செங்க லாரியா இருக்கும். திரும்பி வந்து ஒக்காருவாரு. எம் பொண்ண நானே கொன்னுட்டனேன்னு எனக்கும் சோறு எறங்கல.

ஞாயித்துக்கெழம ஆலைக்குப் போனா, கொஞ்ச நேரத்துல அந்தக் காரு வருது. நான் ஷெட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன். கதவத் தொறந்து மொதலாளி எறங்குறாரு, மேல கீழ எல்லாம் கறுப்பு! கட்சில கிட்சில சேந்துட்டாரான்னு பாத்தா, பின்னாலயே ஒரு அம்மா, அதுவும் கறுப்புச் சேல. தூரத்துல நின்னதால பேச்சு காதுல விழல. சாமுவேல் சாரு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கறது மட்டும் தெரிஞ்சிச்சி. சாயந்தரம்தான் மாமா சொன்னாரு. மொதலாளி ஊட்டுக்குப் போனதும் அந்தம்மா சட்டைய மோந்து பாத்து, எவ தலைக்கு ஊத்தி உட்டான்னு கேட்டிருக்கு. நடந்ததச் சொன்னதும் உருண்டு பொரண்டு சிரிச்சிச்சாம். "கல்யாணம் ஆனதுலேர்ந்து எம் பொண்டாட்டி சிரிச்சி நான் பாத்ததில்ல சார், அந்த எஞ்சின அவளுக்குக் காட்டணும்"னு மொதலாளி கூட்டியாந்தாராம். கறை தெரியாம இருக்கத்தான் கறுப்பாம்! அன்னிக்கி தொட்டில நல்ல தண்ணி. ராஜாத்தி கடைசி வரைக்கும் போயி, திரும்பி வந்தா.

"லாரி வராதாம் புள்ள"ன்னாரு மாமா. வாரம் பூரா பேசாத மனுசன்!

அடுத்த ஞாயிறு பாத்தா, ராஜாத்திக்குத் தண்ணி புடிக்கிற சிமெண்டுத் தொட்டில ஒரு தகர போர்டு. மஞ்சப் பெயிண்டு, கறுப்பு எழுத்து, ஸ்டேஷன்ல ஊரு பேரு போடுவாங்களே, அப்பிடி. மாமாவே கைப்பட எழுதுனது.

"என்னா மாமா எழுதியிருக்க?"

"உம் பேருதான் புள்ள."

எனக்கு நெஞ்சு பொங்கிடுச்சி. வாரா வாரம் அதுக்கு ஒரு மொழம் பூ போட்டேன். ஞாயித்துக்கெழமைல ராஜாத்தில ஏறிப் பாக்க வர ஆரம்பிச்ச ஊரு ஜனங்களையெல்லாம் கூட்டியாந்து, "எம் பேருதாங்க, எங்க ஊட்டுக்காரரு எழுதுனாரு"ன்னு காட்டுனேன். எல்லாரும் படிச்சிட்டு சிரிப்பாங்க. என்னா நல்ல மனசுக்காரங்கன்னு நெனச்சிக்குவேன்.

பெரியவனுக்குக் கல்யாணமாச்சி. புது மருமவளக் கூட்டியாந்து போர்டக் காட்டுனேன். படிச்சா. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா.

"என்னாடி?"

"அத்த... 'அஞ்சலை இந்தத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. மீறினால் அபராதம்'னு போட்டிருக்கு அத்த."

"மாமா!"ன்னு நான் கத்துனேன் பாருங்க. அவுரு திரும்பவே இல்ல. விசிலப் புடிச்சி இழுத்தாரு. நான் திட்டத் திட்ட 'கூ கூ'ன்னு சிதம்பரம் வரைக்கும் கேக்கறாப்புல இழுத்துக்கிட்டே இருந்தாரு. எனக்கும் கடைசில சிரிப்பு வந்துடுச்சி.

இப்ப ராஜாத்தி ஓடல, பாயிலரு பழசாயிடுச்சி, ஷெட்டுல ஓய்வா நிக்கறா. மாமாவும் போயிட்டாரு. அந்தத் தகரத்த மட்டும் எம் பெரியவன் கழட்டியாந்து, எங்க ஊட்டு மொட்ட மாடித் தண்ணித் தொட்டில மாட்டியிருக்கான். கூப்புடாத மனுசன் எழுதி வெச்ச பேராச்சே! ஞாயித்துக்கெழம பூவ எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறுவேன். எம் மருமவ அடுப்படிலேர்ந்து கத்துவா, "அத்த, அபராதம்!"