வாகை மரத்துக் காதுகள்

இனி மனிதக் காது எட்டாத இடத்தில்தான் வாழ்வது என்று நாற்பத்தெட்டாவது வயதில் முடிவெடுத்தேன். அடிஸ் அபாபாவில் ஒரு தோல் ஆலையில் பதினெட்டு வருஷம். இரைச்சல் போதும். ஆம்பூரைத் தாண்டி மலையடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டி, கன்னியப்பன் என்பவரின் நிலமும் ஓட்டு வீடும் விலைக்கு வந்தன.

என் மனைவி மோகனாவுக்கு வேலூர் சத்துவாச்சாரியில்தான் வீடு வேண்டும். அங்கே அவள் தங்கை இருக்கிறாள். ஆனாலும் அவள் சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"கன்னியப்பன் வீட்லயே ஒரு வாரம் தங்கிப் பாப்போங்க. ஏழாம் நாளும் உங்களுக்குப் புடிச்சிருந்தா கையெழுத்துப் போடறேன். நீங்களே வேணாம்னுட்டா சத்துவாச்சாரி."

"நான் வேணாம்னு சொல்றதா? பேனாவ எடுத்து வச்சிக்க."

அங்கே போனுக்கு டவர் கிடைப்பது ஒரே இடத்தில். காட்டுக்குள் நூறடி தள்ளி, இடி விழுந்து பாதி கரிந்து செத்துப்போன ஒரு வாகை மரத்தடியில். முதல் நாள் காலை என் தோஸ்த் அப்துல் வஹீதோடு பேச அங்கே போனேன். பேசிக்கொண்டே நிமிர்ந்தேன்.

பட்ட மரம் முழுக்கக் காதுகள்.

காளான்தான். ஆனால் பழுப்பு மடல், மடலுக்குள் மடிப்பு, மடிப்பில் நரம்பு. ஒன்றைத் தொட்டேன். ஜில்லென்று, மெல்லிய மயிரோடு, விரலுக்கு வளைந்து கொடுத்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. நான் பேசுவதற்காகக் காடே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

"இன்னா தோஸ்த், பேச்சையே காணோம்?" என்றான் வஹீத்.

"ஒண்ணுமில்ல. மோகனாதான் பேஜாரு. ரெண்டு நாள்ல மெழுகா உருகிடுவா பாரு."

மறுநாள் காலை மோகனா காபியை என் முன்னால் வைத்தாள்.

"நான் ரெண்டு நாள்ல மெழுகா உருகிடுவேனாமே?"

"யார் சொன்னா?"

"இங்க நம்ம ரெண்டு பேர விட்டா யாருங்க இருக்காங்க, சொல்றதுக்கு?"

நேற்று நான் பேசியதைக் கேட்டது அந்த மரம் மட்டும்தான். மத்தியானம் மரத்தைப் போய்ப் பார்த்தேன். காதுகள் எல்லாம் கறுத்துச் சுருங்கி, மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடந்தன. செத்தன என்று நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்து போனால், அத்தனையும் உயிரோடு, முன்னைவிட அகலமாக விரிந்து நின்றன. மழை விட்டு மூன்று நாளாகிறது. சுற்றிலும் சருகு மொறுமொறுக்கிறது. நான் பேச வரும் நேரத்துக்கு மட்டும் அவை விழிக்கின்றன.

நான்காம் நாள் கையால் வாயை மறைத்து, குசுகுசுவென்று பேசினேன். "வஹீத், உண்மையச் சொல்லட்டுமா? இவ்ளோ தூரம்னா எங்க மாமியார் வரமாட்டாங்க. இந்த எடமே அதுக்குத்தான்."

ஐந்தாம் நாள் காலை மோகனா தூக்கு நிறையத் தண்ணீரோடு பால் வாங்கப் போய், தூக்கு நிறையப் பாலோடு திரும்பினாள்.

"பால்காரம்மா கலக்கறது போதாதா, நீ வேற தண்ணி கொண்டு போறியா?"

"பாத்திரத்தக் கழுவித்தானே வாங்கணும். அப்புறம், எங்கம்மா நடந்தாவது வந்துடுவாங்க. நீங்க கவலப்படாதீங்க."

ஆறாம் நாள் வஹீதிடம் சொல்லியே விட்டேன். "மரம் ஒட்டுக் கேக்குதுடா."

அவன் சிரித்தான். "காது இருந்தா இருந்துட்டுப் போவுது. வாய் இல்லியே?"

"வாய் எங்க வீட்ல இருக்குது."

ஏழாம் நாள் காலை. மூடுபனி. பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது. திரும்பினால் யாருமில்லை. மரத்தைப் பார்த்தேன். என் முகத்துக்கு நேராக இருந்த காதில், பச்சைக்கல் வைத்த ஒரு கம்மல்.

அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் செருப்பில் விழுந்தது.

ஓடினேன். செருப்பு ஒன்றுதான் கூட வந்தது.

"மோகனா, மூட்டையக் கட்டு."

"கையெழுத்து?"

"சத்துவாச்சாரில போடு."

அங்கே குடியேறி ஒரு மாதம். வஹீதின் மனைவி சைரா வந்திருந்தாள். சமையலறையில் இருவரும் ஒரு கிண்ணத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் கறுப்பாக, சுருங்கிப்போய் ஏதோ மிதந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் மெல்ல விரிந்தது. மடல். மடிப்பு. நுனியில் கம்மல் குத்திய துளை.

சைரா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நம்ம வூட்டுக்காரரு எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு அண்ணே. காதுல வுழுந்தத நான் மறுநாள் விடிகாலையில மோகனாகிட்ட சொல்லுவேன். மோகனாவும் அந்த மரத்தடியிலேருந்துதான் பேசும்."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி தூக்குத் தண்ணிய மரத்து மேல ஊத்திட்டுப் பால் வாங்கப் போவேன்," என்றாள் மோகனா.

"காஞ்ச காளான் தண்ணி பட்டா விரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காஞ்ச தோலு தண்ணியில ஊறி எப்படி விரியும்னு பதினெட்டு வருசமா போன்ல சொல்லிக்கிட்டே இருந்தது யாருங்க, ஊறப்போடற செக்ஷன் மேனேஜர் சார்?"