புளி கூடிய குழம்பும் போகாத கலியாண எழுத்தும்

குருநகர்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தங்கச்சி மக்டலீனுக்கு,

அண்ணை அடைக்கலநாதன் எழுதிக்கொள்வது. புனித யாகப்பர் காவலில் நானும் உன் மச்சாள் ஜெனிற்றாவும் சுகம். டென்மார்க் குளிரில் நீயும் மச்சான் ஜெறோமும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். கைப்பேசி இருக்க இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். கைப்பேசியில் என்றால் நீ ஏசி முடிக்கமாட்டாய், நான் சொல்லத் தொடங்கவே மாட்டேன். கடிதத்தில் மறித்துப் பேச ஆளில்லை.

ஜெறோமின் தங்கை றஜனியுடைய மகள் பதிவாளர் முன் கையெழுத்து வைக்கிற கலியாண எழுத்துக்கு உன் சார்பில் போய், நீ அனுப்பிய நீலப் பட்டுச் சேலையைப் பெண்ணின் கையில் கொடுக்கச் சொல்லியிருந்தாய். நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சேலையும் இப்போது எங்களிடம் இல்லை. முழுவதையும் வாசித்துவிட்டு ஏசு.

நேற்றுப் பூசை முடிந்து சுபாஸின் வாடகை வானில் பருத்தித்துறைக்கு வெளிக்கிட்டோம். ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு இடையில் சாப்பாடு எதற்கு என்று கேட்பாய். ஜெனிற்றாவும் அதைத்தான் கேட்டாள். ஆனால் புத்தூரில் வைத்து எனக்குச் சீனி வருத்தக் குளிசையைத் தந்தவளே அவள்தான். குளிசை போட்டால் உடனே சாப்பிட வேணும். வல்லை வெளி தாண்டக் கை நடுங்குகிறது என்றேன். "கை நடுங்கேல்லை, உங்கடை நாக்குத்தான் நடுங்குது" என்றாள். சுபாஸ் உடுப்பிட்டியில் 'வீட்டுச் சாப்பாடு' என்று பலகை தொங்கிய ஒரு வாசலில் வானை நிறுத்திவிட்டான். அவனும் காலையில் சாப்பிடவில்லையாம்.

ஒரு வீட்டின் முன் விறாந்தையில் மூன்று மேசை, அவ்வளவுதான் கடை. குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பாரைமீன் குழம்பு. குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து முதல் வாய் வைத்தேன். என் இடக்கண் தானாக மூடிக்கொண்டது. அவ்வளவு புளி! பழப்புளி போதாதென்று மாங்காயும் வெட்டிப் போட்டிருந்தது. கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, "தங்கச்சி, இது குழம்போ ஊறுகாயோ?" என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, நீங்கள் குருநகரோ?"

"ஓம். ஏன்?"

"ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுற மனிசர் ஒராளைத்தான் எனக்குத் தெரியும். தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்து வந்து எங்கடை வீட்டிலை இருந்தவர். அவரின்ரை மகனோ நீங்கள்?"

மக்டலீன், அவள் பத்மாவதி! ஆறு மாதம் எங்களுக்குத் தன் வீட்டுப் பின்னறையைத் தந்த சீவரத்தினத்தாரின் மருமகள். அம்மாவின் குழம்பை எங்கள் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டதும், நீயும் நானும் அதைப் பார்த்துச் சிரித்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். சீவரத்தினத்தார் வீட்டார் சைவம். 'வீட்டுக்குள்ளை மீன் மச்சம் வரப்படாது' என்று சீவரத்தினத்தார் சொன்னதால் அம்மா கிணற்றடிக்கு அங்கால் மூன்று கல் வைத்துச் சமைத்தா. புது மருமகள் பத்மாவதி பாத்திரம் கழுவுகிற சாட்டில் வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்ததைத்தான் இப்போது விற்கிறாள். "சாப்பிடுற எல்லாரும் புளி கூட எண்டுதான் சொல்லினம். நான் மச்சம் வாயிலை வைக்கிறேல்லை, அண்ணை. எனக்கென்ன தெரியும்? அம்மா எப்பிடி வைச்சவவோ அப்பிடியே வைக்கிறன்" என்றாள்.

அம்மா போய்ப் பதினெட்டு வருஷம். அவவின் பிழை ஒரு துளி குறையாமல் உடுப்பிட்டியில் கொதித்துக்கொண்டிருக்கிறது, தங்கச்சி. நான் இரண்டாம் முறை சோறு வாங்கினேன், மூன்றாம் முறையும் வாங்கினேன். குளிசையை மறந்தேன், எழுத்தை மறந்தேன். பக்கத்தில் ஜெனிற்றா, "பதினைஞ்சு வருஷமா என்ரை குழம்புக்கு ஒருநாளும் கண்ணை மூடேல்லை" என்று முகத்தைத் திருப்பினாள். அவளுடைய குழம்பில் குற்றமே இல்லை, மூட எங்கே காரணம்?

உனக்குத் தெரியாத ஒன்று. நாங்கள் ஊர் திரும்பிய அன்று பத்மாவதி பிள்ளை பெற ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்களை ஏற்ற வந்த உழவு மெசின் உடனே வெளிக்கிட்டுவிட்டது. 'அந்தப் பிள்ளைக்குப் போய் வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லாமல் வந்திட்டன், நீ போய்ச் சொல்லு' என்று அம்மா கடைசிக் கிழமையிலும் என்னிடம் சொன்னா. ஓம் என்றேன். போகவில்லை. முதலில் சோதனைச்சாவடி என்றேன், பிறகு வேலை என்றேன், பிறகு வெட்கம். நேற்றுக் கை கழுவிவிட்டு வந்து, "அம்மா போட்டு வாறன் எண்டு சொல்லச் சொன்னவ" என்றேன். பத்மாவதி முந்தானையால் கையைத் துடைத்தாள். வாசலில் அம்மாவே நிற்பதுபோல வெளியே பார்த்து, "ஓம் அம்மா, போட்டு வாங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு என்ன செய்கிறேன் என்று தெரியாமல் வானுக்குப் போய்ச் சேலைப் பொதியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஜெனிற்றா தடுப்பாள் என்று பார்த்தேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

பருத்தித்துறைக்குப் போய்ச் சேர நாலு மணி. மண்டபம் பூட்டிக் கிடந்தது, எல்லாரும் போய்விட்டார்கள். எனக்குச் சீனி குறைந்து மயக்கம் வந்ததாக றஜனிக்குச் சொல்லிவிடு. அது முழுப்பொய் அல்ல.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். மாதா உங்கள் எல்லாரையும் தன் மடியில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஏச்சுக்குத் தலைகுனிந்திருக்கும்
அண்ணை அடைக்கலநாதன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஜெனிற்றா அழைப்பிதழைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். எழுத்து நேற்று அல்ல, வருகிற ஞாயிறு. ஆகவே மேலே தலைகுனிந்ததை எல்லாம் வெட்டிவிடு. றஜனிக்கும் மூச்சு விடாதே. வேறு சேலை நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம். பத்மாவதிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெனிற்றா கைப்பேசியை என் கையிலிருந்து பறித்து, "ஞாயிறு எழுத்துக்குப் போற வழியிலை பத்து மணிக்கே வந்திடுவம், அக்கா. இவர் விறாந்தையிலை இருக்கட்டும். எனக்கு அடுப்படியிலை மாமியின்ரை குழம்பைச் சொல்லித் தாங்கோ" என்றாள்.